“அப்பாவுக்கு என்ன வேலை?” என்று வகுப்பில் கேட்டால்

வாசகியின் கடிதம், சுருக்கமாக (அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன):

எழுதியவர் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியைச் சேர்ந்த தாய். கணவர் பதுளைத் தமிழர், 38 வயது, இராணுவத்தில் வாகனச் சாரதி. மகனுக்கு 13 வயது. முதல் இரண்டு வகுப்பைப் பதுளையில் தமிழில் படித்தவன், தரம் 3 முதல் குருநாகலில் சிங்கள மொழிமூலம் படித்திருக்கிறான். 8 வயது மகள் தொடக்கத்திலிருந்தே சிங்கள வகுப்பு. கணவருக்கு யாழ்ப்பாணத்துப் பலாலி முகாமுக்கு மாற்றம் கிடைத்ததும் இரண்டாம் தவணையில் அம்மம்மா வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். மகன் சேர்ந்து மூன்று கிழமை. தமிழ் வாசிப்பு மந்தம் என்பதால் தரம் 8இலிருந்து 7க்கு இறக்கலாமா என்று அதிபர் கேட்டிருக்கிறார். யாரும் கேட்டால் அப்பா கொழும்புக் கொம்பனி ஒன்றில் லொறி ஓடுகிறார் என்று சொல்லும்படி தாய் மகனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவன் ஒருவரோடும் சேர்வதில்லை, காலையில் வயிற்றுவலி என்கிறான், இரவில் பழைய நண்பர்களோடு கைபேசியில் இருக்கிறான். தமிழ் கெதியாக வரட்டும் என்று வீட்டில் சிங்களம் கதைக்கத் தடை. அடுத்த மாற்றம் எப்போது வரும் என்று தெரியாததால், மகனைப் பதுளையில் மச்சாள் வீட்டில் விட்டுச் சாதாரண தரப் பரீட்சை (தரம் 11 முடிவில் வரும் பொதுப் பரீட்சை) வரை சிங்களத்திலேயே படிப்பிக்கலாமா என்றும் கேட்கிறார். “மகளால் ஒரு கரைச்சலும் இல்லை, அவள் நல்லாப் பழகிவிட்டாள்” என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

அதிபர் மறுமொழிக்குக் காத்திருப்பதால் வகுப்பு விடயத்தை முதலில் பார்ப்போம். மகளைப் பற்றி நீங்கள் எழுதிய அந்த ஒற்றை வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

எட்டா, ஏழா?

எட்டிலேயே இருக்கட்டும். மகன் குருநாகலில் படித்ததும் இங்கே படிக்கப்போவதும் ஒரே பாடத்திட்டம்தான். மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் அதைத் தயாரிக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இரு மொழியிலும் புத்தகம் அச்சிடுகிறது. பின்னமும் சமன்பாடும் அவனுக்குத் தெரியும், அவற்றின் தமிழ்ப் பெயர்தான் தெரியாது. ஏழில் இருத்தினால் தெரிந்த கணக்கை இன்னொரு வருடம் செய்வானே தவிர, தமிழ் அதனால் வராது. ஒரு வகுப்பு இறக்கப்பட்ட பிள்ளைகள் பின்னர் படிப்பை இடையில் விடுவது கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பதின்மூன்று வயதுப் பெடியன் தன்னைவிடச் சின்னவர்களோடு வரிசையில் நிற்கும்போது படும் வெட்கம் அதற்கு ஒரு காரணம்.

படையினர் பிள்ளைகள் அடிக்கடி பள்ளி மாறும் அமெரிக்காவில் இதற்கென்று 50 மாநிலங்களும் ஓர் உடன்படிக்கையில் சேர்ந்திருக்கின்றன. பழைய பள்ளியில் எந்த வகுப்போ அதிலேயே முதலில் இருத்த வேண்டும், மட்டம் பார்ப்பது பிறகு என்பது அதன் முக்கிய விதிகளில் ஒன்று. இங்கே அப்படியொன்று உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று நம்பியிருக்க வேண்டாம். அதிபரோடு நீங்களே கதைக்க வேண்டும். மூன்று விடயம் கேளுங்கள்: இந்த வருடம் முழுக்க எட்டில் வைத்திருப்பது, தவணைப் பரீட்சையில் கேள்வியை யாராவது வாசித்துக் காட்டுவது, இந்தத் தவணைக்கு ர–ற, ல–ள–ழ, ந–ன–ண பிழைகளுக்குப் புள்ளி வெட்டாமல் அடிக்கோடு மட்டும் போடுவது. தரம் 8 பரீட்சைகள் பள்ளிக்குள் முடிகிறவை, அதிபர் மனம் வைத்தால் நடக்கும்.

வீட்டு வேலை இது. கணிதம், விஞ்ஞானம் இரண்டுக்கும் தரம் 7, 8 புத்தகங்களைச் சிங்களத்திலும் தமிழிலும் எடுங்கள். கையில் இல்லாதவற்றைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து இலவசமாக இறக்கலாம். அதே அத்தியாயம், பெரும்பாலும் அதே படம். பக்கத்தில் பக்கம் வைத்தால் தெரியும். ஒரு 80 பக்கக் கொப்பியில் மூன்று நிரல் கீறி, சிங்களச் சொல், தமிழ்ச் சொல், சின்னப் படம் என்று அவனே எழுதட்டும். திரிகோணய – முக்கோணம். சமீகரணய – சமன்பாடு. சைலய – கலம். நாளுக்கு எட்டுப் பத்துச் சொல் போதும். முதல் ஆறு கிழமை இந்த இரண்டு பாடமும்தான். வரலாற்றைப் பிறகு தொடுங்கள். அது சொல்லால் வராது, நீண்ட வசனங்களை வாசித்து விளங்க வேண்டிய பாடம். வாசிப்புக்கு அம்மம்மாவோடு தினம் கால்மணி நேரம், பத்திரிகையில் சின்னச் செய்தி ஒன்று, சத்தமாக. பிழை விட்ட இடத்தில் நிறுத்தாமல் முடிக்க விடுங்கள். சைவநெறியில் தேவாரம் பாடமாக்குவதும் அம்மம்மாவின் கையில் இலகு.

ஓர் எச்சரிக்கை. அழகியல் பாடமாகக் குருநாகலில் கீழைத்தேய சங்கீதம் எடுத்தவன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வட இந்திய முறை. “சங்கீதம்தானே” என்று இங்கே கர்நாடக சங்கீத வகுப்பில் இருத்திவிடுவார்கள். மற்றப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலேயே தொடங்கியதை இவன் சரளி வரிசையிலிருந்து தொடங்க வேண்டிவரும். அவனுக்கு ஆசை இருந்தால் சரி. இல்லாவிட்டால் சித்திரத்துக்கு மாற்றிக் கேளுங்கள், அங்கே மொழி தடையாக நிற்காது.

அந்தப் பொய்

இதைப் பற்றித்தான் எனக்கு ஆகக் கூடுதலாகச் சொல்ல இருக்கிறது.

இடையில் பள்ளி மாற்றக் கணவரின் இடமாற்றக் கடிதத்தை இணைத்திருக்கிறீர்கள். ஆகவே அதிபருக்குத் தெரியும், அலுவலகத்தில் கோப்புப் பிடிப்பவருக்கும் தெரியும். அம்மம்மா வீட்டு ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும், அந்த வீடுகளின் பிள்ளைகளில் நாலு பேராவது அதே பள்ளிக்குத்தான் போவார்கள். எல்லோருக்கும் தெரியும் என்பது தெரியாதவன் உங்கள் மகன் ஒருவன்தான். எந்தக் கொம்பனி, என்ன லொறி, எப்போது வீட்டுக்கு வருவார் என்று அவன் ஒவ்வொரு நாளும் புதிதாகக் கட்ட வேண்டும். அதற்குப் பயந்து கதை தொடங்கும் இடத்திலிருந்தே விலகி நிற்பான். “ஒருவரோடும் சேர்கிறானில்லை” என்று நீங்கள் எழுதியதில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன். புதுப் பள்ளியைப் பிள்ளை தாங்கும். அங்கே தனியே ஒரு இரகசியத்துக்குக் காவல் இருப்பதைத் தாங்காது.

உங்கள் பயம் வீண் என்று சொல்ல வரவில்லை. அந்த வகுப்பில் மாமாவையோ சித்தப்பாவையோ இன்னும் தேடிக்கொண்டிருக்கும் வீட்டுப் பிள்ளை இருக்கலாம். 1990இல் பலாலி முகாம் இருக்கும் வலிகாமம் வடக்கை விட்டு வந்து, காணி இன்னும் கிடைக்காத குடும்பத்துப் பிள்ளை இருக்கலாம். அந்த வீடுகளின் கோபத்துக்குக் காரணம் உண்டு, அதைப் பதின்மூன்று வயதுப் பெடியன் ஒருவன் உங்கள் மகன் மேல் கொட்டவும் கூடும். அதற்கு ஆயத்தம் வேண்டும். பொய் ஆயத்தமாகாது, அது வெளிப்படும் நாளில் “ஒளிச்சவன்” என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் வகுப்பாசிரியரைத் தனியே சந்தித்து, கணவரின் வேலை, நீங்கள் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தது, இப்போது அதை மாற்றப்போவது மூன்றையும் சொல்லுங்கள். வகுப்பில் அறிவிக்கச் சொல்லி அல்ல. ஏதும் நடந்தால் அவர் திடுக்கிடாமல் இருப்பதற்காக. பிறகு மகனிடம், “நான் சொல்லித் தந்தது பிழை, அதை நீ இனிக் காவ வேண்டாம்” என்று நீங்களே சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாகச் சின்னதாக ஓர் உண்மையைக் கொடுங்கள்: “அப்பா ஆமியில வாகனம் ஓடுறவர்.” இவ்வளவும் போதும். மேலே துருவினால்: “அதுக்கு எனக்கு மறுமொழி தெரியாது. வா, விளையாடுவம்.” கேலி தொடர்ந்தாலோ கை நீண்டாலோ வகுப்பாசிரியரிடம் போவது கோள் ஆகாது என்றும் சொல்லி வையுங்கள். இதை வீட்டில் நாலைந்து தரம் வாய்விட்டுச் சொல்லிப் பழக்க வேண்டும். மாமாமாரில் ஒருவர் நக்கலடிக்கும் பெடியனாக நடிக்கட்டும். மனதுக்குள் நினைத்து வைத்த வசனம் பதற்றத்தில் வராது, வாய் பழகியது வரும்.

கணவர் பள்ளிக்கு வருவதானால் சாதாரண உடுப்பில், மோட்டார் சைக்கிளில் வரட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சீருடையைக் கண்டால் வாசலில் நிற்கும் இன்னொரு தாய்க்கு என்ன நினைவு வரும் என்பது உங்களுக்கே தெரியும். முகாமிலிருந்து கொப்பியும் புத்தகப்பையும் கொடுக்கும் நிகழ்வு எப்போதாவது நடந்தால், சிங்களம் தெரிந்த பிள்ளை என்று மகனை மேடையில் ஏற்றி மொழிபெயர்க்க வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் கேட்டு வையுங்கள். நல்ல எண்ணத்தில் செய்வார்கள், அடுத்த நாள் இடைவேளையில் அவன்தான் அனுபவிப்பான். மே 18 (முள்ளிவாய்க்கால் நினைவு நாள்), நவம்பர் 27 (மாவீரர் நாள்) ஆகியவற்றை அண்டிய கிழமைகளில் ஊரில் கதை கூடும், வகுப்பிலும் கூடும். அந்தக் கிழமைகளுக்கு முன்னர் அவனோடு இருந்து கதையுங்கள்.

அம்மம்மா வீட்டுச் சுவரில் மாலை போட்ட படத்தைக் காட்டி “மாமா எப்பிடிச் செத்தவர்?” என்று அவன் கேட்டதாகவும், விபத்து என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் வெளியே யாராவது திருத்திச் சொல்ல முன்னர் உங்கள் வாயால் வரட்டும். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் ஷெல் விழுந்து செத்தவர், அந்த நேரம் அப்பா பதுளையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர், அப்பாவுக்கு அப்ப உன்ர வயது. சொல்லிவிட்டு நிறுத்துங்கள். கேள்வி வந்தால் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். கணவரும் பக்கத்தில் இருப்பது நல்லது.

தகப்பனின் தொழிலைக் காட்டி யாரும் பிள்ளையைச் சேர்க்க மறுக்கவோ ஒதுக்கவோ முடியாது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. பள்ளிக்குள் தீராவிட்டால் வலயக் கல்விப் பணிமனை, அதற்கு மேல் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகம். பிள்ளைக்கு அடியோ துன்புறுத்தலோ என்றால் 1929 சிறுவர் உதவி இலக்கம். இவ்வளவு தூரம் போக வேண்டி வருவது அரிது.

பேசுவதும் கதைப்பதும்

“சேர் என்னோட பேசினாங்க” என்று மகன் சொல்ல வகுப்பே சிரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கு அது “சேர் என்னை ஏசினார்” என்று கேட்டிருக்கும். பதுளையில் பேசுவது பேச்சு, இங்கே பேசுவது ஏச்சு. பேச்சுக்கு இங்கே கதைப்பது. யாரும் விளங்கப்படுத்தாததால் தன் தமிழே பிழை என்று அவன் நினைத்திருப்பான். உட்கார்ந்து ஒரு பத்துச் சொல்லைச் சொல்லிக் கொடுங்கள்: கெதியா (விரைவாக), ஆறுதலா, வடிவா (நன்றாக), பேந்து (பிறகு), ஓம், உவன், உங்கை (உவ்விடத்தில்). “ஆறுதலா எழுது” என்று ரீச்சர் சொன்னால் மெதுவாக எழுது என்று அர்த்தம். தகப்பனின் தமிழும் சரியான தமிழ்தான், இது அம்மாவின் ஊர்த் தமிழ், இரண்டும் உனக்குச் சொந்தம் என்று சொல்லுங்கள். உங்கள் கதையே பத்து வருடத்தில் மாறிவிட்டது என்கிறீர்களே, அதைச் சிரித்துக்கொண்டே சொல்லிக் காட்டலாம்.

சிங்களத் தடையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். தடை போட்டால் தமிழ் கெதியாக வரும் என்பது பலரும் நினைப்பதுதான், ஆனால் நடப்பது வேறு. அண்ணனும் தங்கையும் தங்களுக்குள் சண்டை பிடிப்பதும் சிரிப்பதும் அந்த மொழியில்தான். அதைப் பறித்தால் வீட்டிலும் ஊமையாகிவிடுவார்கள், நீங்கள் அறைக்குள் வரும்போது கதை நிற்கும். தமிழுக்கு நேரம் ஒதுக்குங்கள், சிங்களத்துக்குப் பூட்டுப் போடாதீர்கள். இங்கே தரம் 6 முதல் 9 வரை இரண்டாம் மொழியாகச் சிங்களம் இருக்கிறது. அந்த ஒரு பாடத்திலாவது அவன் நிமிர்ந்து இருக்கலாம். பக்கத்து மேசைக்காரனுக்கு எழுத்துக் காட்டிக் கொடுக்க விடும்படி ஆசிரியரைக் கேளுங்கள். முன்னால் நிறுத்தி வாசிக்க வைக்க வேண்டாம். “சிங்களப் பெடியன்” என்று பட்டம் விழும்.

வயிற்றுவலியும் கைபேசியும்

சனி, ஞாயிறில் வலி இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒருமுறை வைத்தியரிடம் காட்டி உடம்பில் நோய் இல்லை என்று உறுதியாக்குங்கள். அது நடிப்பும் அல்ல, பயத்தில் வயிறு உண்மையாகவே நோகும். வீட்டில் மறித்தால் அன்றைக்கு நிற்கும், அடுத்த நாள் கூடும். அரைநாள் என்றாலும் அனுப்புங்கள். இன்னொன்றையும் விசாரியுங்கள்: பள்ளியில் தண்ணீர் குடிக்கிறானா, கழிவறைக்குப் போகிறானா? புதுப் பள்ளியில் கழிவறை எங்கே என்று கேட்க வெட்கப்பட்டு, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அதிகம். இப்படி வயிற்றுவலி அதனாலும் வரும். கேட்டால் சொல்ல மாட்டான். திரும்பி வரும் தண்ணீர்ப் போத்தலைப் பாருங்கள்.

குருநாகல் நண்பர்களைத் துண்டிக்க வேண்டாம். இப்போதைக்கு அவனை அறிந்தவர்கள் அவர்கள்தான். பின்னேரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, இரவு ஒன்பதரைக்குக் கைபேசி உங்கள் அறைக்கு வரட்டும். புது நட்புக்கு முழு வகுப்பும் தேவையில்லை. சைக்கிளில் கூடப் போய்வர ஒரு பெடியன் போதும், ஒழுங்கையில் அப்படி ஒருவன் நிச்சயம் இருப்பான்.

இரண்டு கிழமைக்கு மேல் பள்ளிக்குப் போக முடியாமல் போனால், நித்திரையும் சாப்பாடும் குறைந்தால், “இருந்து என்ன பிரயோசனம்” என்ற மாதிரிக் கதை வந்தால் காத்திருக்காதீர்கள். யாழ் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை இரண்டிலும் உளநல மருத்துவப் பிரிவு உண்டு. எந்நேரமும் கதைக்க 1926.

பதுளையில் விடுவதா?

உங்கள் கணக்கு விளங்குகிறது: மொழி மாறாது, மாற்றம் வந்தாலும் படிப்பு குழம்பாது. ஆனால் தகப்பன் ஏற்கெனவே முகாமில். இனித் தாயும் தங்கையும் இல்லை என்றால், வீட்டிலிருந்து அகற்றப்பட்டவன் தான் மட்டும்தான் என்று அவனுக்குப் படும். “என்னால கரைச்சல், அதுதான் விட்டவை” என்று பிள்ளை கணக்குப் போடும். மச்சாள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இது மாறாது.

வேறொரு வழியைக் கணவரோடு கதைத்துப் பாருங்கள். அடுத்த மாற்றத்துக்கு அவர் மட்டும் போகட்டும், நீங்கள் மூவரும் மகன் சாதாரண தரம் எழுதும் வரை அம்மம்மா வீட்டிலேயே இருங்கள். சாதாரண தரத்தில் ஒன்பது பாடம். அதில் மூன்று, தொகுதிகளிலிருந்து தெரிவு செய்பவை. அவற்றைத் தரம் 10 தொடங்கும்போதே தெரிவு செய்வார்கள். அதற்குப் பிறகு பள்ளி மாறினால், எடுத்த பாடம் புதுப் பள்ளியில் இல்லாமல் போகலாம். மாறத்தான் வேண்டும் என்றால் தரம் 9 முடிய முன்னர் மாறி முடியுங்கள்.

அதற்கும் இப்போதே ஒரு கோப்புப் போட்டு வையுங்கள்: பிறப்புச் சான்றிதழ், எல்லாப் பள்ளியின் தேர்ச்சி அறிக்கைகள், இடமாற்றக் கடிதப் பிரதி, கிராம அலுவலரின் வதிவிடக் கடிதம், சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு. தரம் 7இல் பள்ளியில் போடும் ஏற்பு ஊசி மகனுக்குப் போட்டதாகப் பதிவு இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். எப்போதாவது மாறும்போது, புதுப் பள்ளி எழுத்தில் சம்மதம் தந்த பிறகே பழைய பள்ளியில் விடுகைப் பத்திரத்தை எடுங்கள். முந்தி எடுத்துவிட்டுப் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்கள் பலர்.

மகள்

சிரித்துக்கொண்டு போகிறாள், கொப்பி துப்புரவு, ரீச்சர் ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்கு யோசனை இவளைப் பற்றித்தான். மகன் இரண்டு வருடம் தமிழ் எழுத்துப் படித்தவன். இவள் ஒருநாளும் படிக்கவில்லை, தரம் 3இல் நேரே உள்ளே போயிருக்கிறாள். இந்த வயதில் கெட்டிக்காரப் பிள்ளை பக்கத்துப் பிள்ளை வாசிப்பதைக் காதால் பிடித்து, முழுப் பாடத்தையும் பாடமாக்கி, வரியின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு வாசிப்பது போலச் சொல்லும். எழுத்து தெரியாதது வெளியே தெரியாது. தரம் 5 புலமைப்பரிசில் நெருங்கும்போது திடீரென்று தெரியவரும், அப்போது சோம்பல் என்று ஏச்சு விழும்.

இன்றிரவு அவளுடைய தமிழ்ப் புத்தகத்தை எடுங்கள். அவள் நன்றாக “வாசிக்கும்” பக்கத்தைத் திறந்து, நடுவில் ஏதாவது ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, மற்றதை மறைத்துவிட்டு, இது என்ன என்று கேளுங்கள். ஐந்து சொல் கேட்டால் போதும். மூன்றுக்கு மேல் தடுமாறினால் நாளைக்கே வகுப்பாசிரியரிடம் சொல்லி, தரம் 1 புத்தகத்திலிருந்து எழுத்தைத் தொடங்குங்கள், தினம் இருபது நிமிடம். அண்ணனே சொல்லிக் கொடுக்கட்டும். சிங்களத்தில் விளங்கப்படுத்தினாலும் பரவாயில்லை.